கிணத்து நீச்சல்காரன் கடலுக்குப் போன கதை

எங்கள் சுந்தரபாண்டியத்தில் யார் வீட்டுக் கிணற்றிலாவது வாளி விழுந்துவிட்டால் முதலில் பாதாளக்கரண்டியைத் தேடுவார்கள். அது அகப்படவில்லை என்றால் என்னைத் தேடுவார்கள். வாளி, பித்தளைக் குடம், மோட்டாரின் ஃபுட் வால்வு, கல்யாணமாகிப் பத்தே நாளான பெண்ணின் கொலுசு, போன வருடம் ஒரு செல்போன் என்று 40 வருடமாக முங்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். செல்போன் மட்டும் பிழைக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆள் இந்த மாசியில் அறுவடை முடிந்த கையோடு கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறி, மதுரை போய், அங்கிருந்து புதுச்சேரி போனேன். எதற்கு? தண்ணீருக்குள் எப்படி நிற்பது என்று படிக்க.

"நெல்லு வித்த காசைக் கொண்டுபோயி கடல்ல முங்கப் போறீகளாக்கும்" என்றாள் வீட்டுக்காரி.

"முங்க இல்ல. முங்காம இருக்கப் படிக்கப் போறேன்."

"அதை வீட்டுலயே இருந்து செய்யலாமே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இது இரண்டாம் தடவை. முதல் தடவை இழுத்துப் போனவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன். "மாமா, நீ கிணத்துல போடுற போடுக்கு ஸ்கூபால்லாம் ஒண்ணுமே இல்ல, வா" என்றான். நானும் அப்படித்தான் நம்பினேன். நாலு நாள் பயிற்சி. கடைசியில் 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று ஒரு அட்டை தருவார்கள். அட்டை கிடைத்தது. ஆனால் மானம் போனது.

கடலுக்குள் இறங்கியதும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கீழே போனால் முழங்கால் தரையில் இடிக்கும். உதைத்து எழும்பினால் தேங்காய் மட்டை மாதிரி மேலே மேலே போவேன். கையால் துழாவுவேன், காலால் உதைப்பேன். என்னைச் சுற்றி ஒரே மணல் புகை. 25 நிமிடத்தில் என் சிலிண்டர் காற்று தீர்கிற நிலைக்கு வந்து, எல்லோரையும் மேலே கூட்டிவர வேண்டியதாயிற்று. அடையாறு பக்கம் ஏதோ நீச்சல் குளத்தில் காசு கொடுத்து நீச்சல் கற்ற என் மருமகனிடம் அப்போதும் பாதிக் காற்று மிச்சம் இருந்தது. படகில் ஏறியதும் அவன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்தச் சங்கடம் ஒரு வருடம் மண்டைக்குள் கிடந்தது. கேட்டுப் பார்த்தேன். அட்டை வாங்கியவர்களுக்கு, மிதப்பைச் சரிசெய்யப் பழக்குவதற்கென்றே தனியாக ஒரு சின்ன வகுப்பு உண்டாம். கொஞ்ச நேரம் குளத்தில், பிறகு கடலில் இரண்டு முங்கல். அதற்குத்தான் இந்தப் பயணம்.

சொல்லித் தந்தவர் மீனவர் வீட்டுப் பையன். என் மகன் வயதுதான் இருக்கும். முதல் கேள்வியே, "அண்ணா, இடுப்புல எவ்ளோ ஈயம் கட்றீங்க?"

"எட்டு கிலோ, தம்பி."

சிரித்தார். "அதான். எட்டு கிலோவை இடுப்புல கட்டிக்கிட்டு, அது கீழ இழுக்குதேன்னு காத்தை அடைக்கிறீங்க. காத்து மேல தூக்குதேன்னு திரும்பவும் முங்கப் பாக்குறீங்க. உங்களுக்குள்ளயே சண்டை நடக்குது."

இந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புரிந்துகொள்ள எனக்கே நேரம் ஆனது. நம் உடம்பு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடை நம்மை மேலே தூக்கும். பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடிஸ் என்று படித்ததுதான். கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் அதே ஒரு லிட்டர் 1.025 கிலோ. பார்க்க ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் என்னைப் போல 74 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 2 கிலோ வித்தியாசம் வந்துவிடும். கிணற்றில் மூச்சை விட்டதும் கல் மாதிரிப் போகிறவன் கடலில் மிதப்பதற்கு இது ஒரு காரணம். அதற்கு மேல் போட்டிருக்கும் ரப்பர் உடுப்பும் மிதக்கும். அதனால்தான் ஈயம்.

ஆனால் எவ்வளவு ஈயம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மேல்சட்டைக்குள் இருக்கும் காற்றை எல்லாம் வெளியேற்றிவிட்டு, கையைக் காலை ஆட்டாமல், சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக முங்க வேண்டும். அவ்வளவுதான் பொருத்தம். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளணும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றுக்கே இரண்டு கிலோவுக்கு மேல் எடை உண்டு. மூச்சுவிட விட அந்த எடை குறைந்து, கடைசியில் சிலிண்டரே நம்மைத் தூக்கப் பார்க்கும். அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்ததில் எனக்கு வேண்டியது 5 கிலோதான். ஒரு வருடமாக மூன்று கிலோவை வீணாகச் சுமந்திருக்கிறேன்.

அடுத்தது மூச்சு. கிணற்றில் நாங்கள் கற்ற முதல் பாடம், மூச்சைப் பிடி. கடலில் முதல் பாடம், மூச்சைப் பிடிக்காதே. இது ஏதோ தத்துவம் இல்லை, உயிர்ச் சங்கதி. கரையில் இழுத்த மூச்சோடு முங்கினால் கீழே அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும், ஆபத்தில்லை. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டுமே இருக்க வேண்டும்.

அந்த மூச்சேதான் சுக்கானும். அரை லிட்டர் கூடுதலாக இழுத்தால் அரைக் கிலோ மேலே தூக்கும். விட்டால் இறங்கும். ஆனால் உடனே நடக்காது. இழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் உடம்பு எழும்பும். நான் அதற்குள் பொறுமையிழந்து இன்னும் இழுப்பேன். பிறகு சேர்த்து வைத்து மேலே போவேன். பயந்து மொத்தத்தையும் விடுவேன். தரையில் போய் இடிப்பேன்.

படகில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்குப் பிடிபட்டது. மடை திறந்துவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போக நேரமாகும். வரவில்லையே என்று அவசரப்பட்டு இன்னும் அகலமாக வெட்டிவிட்டால், சேர்ந்து வந்து வரப்பை உடைத்துக்கொண்டு போகும். திறந்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கத் தெரிய வேண்டும். இத்தனை வருடம் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு இது தெரியாதா? தெரியும். நிலத்தில் தெரிந்தது தண்ணீருக்குள் மறந்துபோகிறது.

அதைத் தம்பியிடம் சொன்னேன். "இத நான் இனிமே எல்லாருக்கும் சொல்லித் தரேன்ணா" என்றார். புதுச்சேரியில் யாராவது மடை, வரப்பு என்று பாடம் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

குளத்தில் அவர் செய்யச் சொன்ன ஒரு பயிற்சி, தண்ணீரின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்வது. கீழே தரை படக்கூடாது, மேலே தலை தெரியக்கூடாது. கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் பக்கவாட்டில் சாய்ந்தேன், பிறகு தலைகீழாகப் போனேன். அரைமணி நேரம் கழித்து ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். மூச்சு இழுத்தால் நாலு விரற்கடை மேலே, விட்டால் நாலு விரற்கடை கீழே. வேறு ஒன்றுமே செய்யவில்லை. பிறந்ததிலிருந்து தண்ணீரில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். தம்பி சொன்ன காரணம் பவளம். நம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அதை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. 1986-இல் அந்தப் பகுதியைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாறை மாதிரி உருண்டு கிடக்கும் பவளம் வருடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. என்னை மாதிரி ஒரு ஆள் துடுப்புக் காலால் ஒரு உதை விட்டால் 20 வருட வளர்ச்சி போய்விடும். தென்னங்கன்றைத் தெரியாமல் மிதித்தவனை நாங்கள் என்ன பேச்சுப் பேசுவோம் என்று எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது எல்லோரிடமும் சொன்னது. இனிமேல் சொல்வதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

25 வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம். நல்ல மழை. பிளவக்கல் அணை நிரம்பி, ஊரில் கிணறுகளெல்லாம் கைக்கெட்டும் மட்டத்தில் தண்ணீர் கிடந்தது. நானும் என் கூட்டாளியும் ஒரு கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தோம். என்னைவிட நல்ல நீச்சல்காரன். மேலேயிருந்து கரணம் அடித்துக் குதித்தவன் வரவில்லை. உள்நீச்சல் போட்டு விளையாடுகிறான் என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பேன்.

முதல் தடவை நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினேன். கீழே போகவே முடியவில்லை. தண்ணீர் தூக்கித் தூக்கி விட்டது. இரண்டாம் தடவை வெறிபிடித்த மாதிரி உதைத்துக்கொண்டு அடிவரை போனேன். ஒரே சகதி. என் கையே எனக்குத் தெரியவில்லை. தடவித் தடவி மூச்சு முட்டி மேலே வந்தேன். மூன்றாம் தடவைதான் கையில் அவன் தலைமுடி பட்டது. பழைய மோட்டார் பைப்பில் சுற்றிக் கிடந்த கயிற்றில் கால் மாட்டியிருந்தது.

அடியில் யாரோ சகதியைக் கலக்கிவிட்ட மாதிரி இருந்தது என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். சிலர் அதற்கு வேறு அர்த்தமும் கற்பித்தார்கள். அந்தக் கிணற்றில் அதற்குப் பிறகு யாரும் குளிக்கவில்லை.

புதுச்சேரியில் இரண்டாம் நாள் முங்கல். செயற்கைப் பாறைக்காகப் போட்டு வைத்த கான்கிரீட் துண்டுகளுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, அசையாமல் படுத்த மாதிரி இருந்தேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து, மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று முகத்துக்கு நேரே போனது. அப்போது எங்களோடு வந்த ஒரு புதிய ஆள் நிலைதடுமாறித் தரையைப் பார்த்து உதைத்தார். ஒரு விநாடியில் மண் எழும்பி, அவரே அந்தப் புகைக்குள் மறைந்துபோனார்.

அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குச் சகதியைக் கலக்கியது வேறு யாருமில்லை. என் கால்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து, "காது வலிக்குதாண்ணா?" என்றார். அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது. "முத்துக் குளிக்கிறவங்க எப்படி இறங்குவாங்க தெரியுமாண்ணா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் 1961 வரைக்கும் முத்துக்குளிப்பு நடந்தது. கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார்கள். கல் கொண்டுபோய் விடும். உதைக்க வேண்டியதில்லை, மூச்சும் வீணாகாது. மேலே படகில் இருக்கிற ஆள் கயிற்றைப் பிடித்திருப்பான், சாடை காட்டினால் இழுத்துவிடுவான். கூஸ்தோவும் கக்னானும் 1943-இல் பிரான்சில் இந்தக் காற்றுக் கருவியை உருவாக்குவதற்கு எத்தனையோ நூறு வருடம் முன்பே நம் ஆட்களுக்கு எடைக்கணக்கு தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு அந்தக் கிணற்று மேட்டில் கல்லும் கிடந்தது. கயிறும் கிடந்தது.

"ஆனா ஒண்ணுண்ணா," என்றார் தம்பி. "கண்ணு தெரியாத தண்ணில, உள்ள கயிறு கிடக்குற எடத்துல, இவ்ளோ கருவி இருந்தும் நாங்களே தனியா இறங்க மாட்டோம். மேல ஒரு ஆள் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அன்னைக்கு நீங்க மாட்டியிருந்தா ரெண்டு பேராப் போயிருக்கும். கிணத்துல காப்பாத்தப் போன ஆளும் சேர்ந்து போறதத்தான் நாம பேப்பர்ல படிக்கிறோம்."

அது உண்மைதான். எனக்கு அதனால் மனசு லேசாகிவிட்டது என்று எழுதினால் பொய். கூட்டாளியின் அம்மா இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வந்ததும் போய்ப் பார்த்தேன். காப்பி கொடுத்தார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று சொன்னேன். வேறு சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் சில காரியங்களைச் செய்தேன். எங்கள் கிணற்றுக்குள் கிடந்த பழைய கயிறு, அறுந்த வயர், உடைந்த பைப் எல்லாவற்றையும் தண்ணீர் வற்றும் சமயம் பார்த்து எடுத்துப் போட்டோம். மோட்டார் ரூம் சுவரில் பெரிய ஆணி அடித்து, காற்றடைத்த ஒரு லாரி டியூபும், கிணற்றின் அடிவரை எட்டும் நீளத்துக்கு ஒரு நைலான் கயிறும் மாட்டி வைத்தேன். யாராவது தத்தளித்தால் முதலில் அதைப் போடுவது, குதிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. குதித்தாலும் இடுப்பில் கயிறு கட்டித்தான். பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன். "ஸ்கூபா படிச்சுட்டு வந்து டியூப் மாட்டி வச்சிருக்கான்" என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்தப் பங்குனியில் பரீட்சை முடிந்து பிள்ளைகள் நீச்சல் பழக வந்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். கையைக் காலை அடி, அடி என்று மேலேயிருந்து கத்துவார்கள். அடித்து அடித்துத்தான் கற்றோம். அடிப்பதை நிறுத்தினால் செத்துப்போவோம் என்று உடம்பு நம்பிவிட்டது. அதனால்தான் 52 வயதில் காசு கொடுத்து அதை மறக்க வேண்டியிருந்தது.

இப்போது நான் முதலில் மல்லாக்க மிதக்கத்தான் சொல்லித் தருகிறேன். இடுப்பில் கயிறு, நான் பக்கத்தில். காது தண்ணீருக்குள் போகணும், வயிறு மேலே தெரியணும், நெஞ்சில் காற்று இருக்கணும், அவ்வளவுதான். அண்ணன் பேத்தி ஒன்பது வயசு. மூன்றாம் நாள் அவள் அப்படியே வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "தாத்தா, மூச்ச இழுத்தா மேல வர்றேன், விட்டா கீழ போறேன். நீங்க ஒண்ணும் பிடிக்க வேண்டாம்."

கையை எடுத்தேன். கயிற்றை மட்டும் விடவில்லை.

மறுநாள் காலையில் மோட்டார் போடப் போனால் ஆணியில் டியூப் மட்டும் தொங்குகிறது. கயிற்றைக் காணோம். விசாரித்துப் பார்த்ததில் பக்கத்துத் தோட்டத்தில் பசு மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். நடந்து போய் அவிழ்த்துக்கொண்டு வந்து திரும்பவும் ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் வத்திராயிருப்பு போய் அந்த மாட்டுக்கு ஒரு புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.